கார் அவளுக்கு, கராஜ் அவனுக்கு

செப்டம்பர் மாதம் யாகூத்ஸ்க் நகர நீதிமன்றத்தில் அக்குலினாவுக்கும் ரோடியனுக்கும் விவாகரத்து ஆனபோது, நீதிபதி அம்மாள் காகிதத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். வீடு அக்குலினாவின் அப்பா விட்டுப்போனது. அதில் பேச்சுக்கே இடமில்லை. மகள் வளர்ந்து, நோவோசிபிர்ஸ்க்கில் படித்துக்கொண்டிருந்தாள். பிரிக்க வேண்டியிருந்தது ஒரு பழைய ஜப்பான் காரும், அந்தக் காரை வைப்பதற்காக ரோடியன் தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டிய கராஜும் மட்டும்தான்.

"கார் அவளுக்கே இருக்கட்டும்ங்க. எனக்கு கராஜ் போதும்," என்றான் ரோடியன், பெரிய மனசுக்காரன் போல.

நீதிபதி தலை தூக்கியது அப்போதுதான். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் பேனாவை நிறுத்தினாள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெந்நீர்க் குழாய் ஓடும் கராஜ் இருந்தால், வெளியே ஐம்பது டிகிரி குளிர் அடித்தாலும் காலையில் சாவியைத் திருப்பியதும் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். ஐம்பது என்றால் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது. இங்கே யாரும் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை. கராஜ் இல்லாதவர்களுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை இரண்டே வழி. ஒன்று, இன்ஜின் ஆறாமல் இரவு பகலாகக் காவல் காக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஏப்ரல் வரை தூங்கு என்று காரைப் பனிக்குள் விட்டுவிட வேண்டும்.

"உங்களுக்கு இது சம்மதம்தானாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"சம்மதம்," என்றாள் அக்குலினா. யோசிக்கவில்லை.

வெளித் தாழ்வாரத்தில் ரோடியன் அவளை நிறுத்தினான். கோபமாகப் பேசவில்லை. அவனுக்குக் கோபம் வராது. அதுதான் அவனிடம் சிரமம்.

"நவம்பர் வரைக்கும் அது காரு. அதுக்கப்புறம் வெறும் இரும்பு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"வந்து கதவைத் தட்டு. திறக்கிறேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல."

"தட்டினா திற," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

ரோடியன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், வெல்டிங் வேலையில் நல்ல பெயர் எடுத்தவன். ஆனால் அவள் ஓட்டும் காரில் ஏறி உட்கார்ந்தால் வாய் ஓயாது. கியரை மாத்து. இடது பக்கம் பாரு. டேங்க் கால்வாசிக்கு வந்துடுச்சு, நிரப்பு. ஏன் இந்தத் தெருவுல போற, அந்தத் தெரு இருக்கே. அக்குலினாவின் தொழிலே ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையிலிருந்து ராத்திரி வரை அவனிடம் பாடம் கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் கேட்டாள். சென்ற கோடையில் ஒருநாள் சந்தை முனையில் காரை ஓரங்கட்டி, "நீ இறங்கிக்கோ," என்றாள். ஏதோ வாங்கிவரச் சொல்கிறாள் என்று நினைத்து அவனும் இறங்கினான். அவள் கிளம்பிப் போய்விட்டாள். அத்தோடு முடிந்தது.

அக்டோபர் முழுவதும் அவள் காரைக் குளிருக்குத் தயார்ப்படுத்தினாள். ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு கண்ணாடியை, நடுவில் விரல்கனம் காற்று நிற்கும்படி ஒட்டினாள். இன்ஜின் மூடிக்கு அடியில் கம்பளித் தகடு விரித்தாள். முன்பக்கக் காற்றுவழியைப் பலகையால் அடைத்தாள். மொத்தக் காரையும் தலைமுதல் கால்வரை போர்த்த, கூடாரம்போல ஒரு மெத்தைப் போர்வை தைத்து வாங்கினாள். இன்ஜின் எண்ணெய் ஓரளவுக்கு மேல் ஆறினால் காரைத் தானாகவே கிளப்பி, சூடேறியதும் தானாகவே அணைக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினாள். மூன்றாவது மாடியில் படுத்திருப்பவளுக்குக் கீழே கார் விழித்துக்கொள்ளும் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். ஒருநாள் கேட்காமல் போனால் அந்த அமைதிக்கே திடுக்கிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவாள்.

கீழ்வீட்டு யெகோர்தான் முதலில் சண்டைக்கு வந்தார்.

"ஏம்மா, உன் காரு விடற புகையெல்லாம் என் சமையல்கட்டுக்குள்ள வருது. நான் என்ன காராம்மா, புகையைக் குடிச்சு ஓடறதுக்கு?"

"மன்னிச்சுக்கோங்க அண்ணே. நாளையிலிருந்து பின்பக்கத்தைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்தறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறீங்கல்ல, வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

சில வியாழக்கிழமைகளுக்குப் பிறகு யெகோருக்குப் புகை நாற்றம் தெரிவதில்லை. அவள் போர்த்திய போர்வை காற்றில் விலகினால், செருப்போடு ஓடிவந்து சரிசெய்துவிட்டுப் போகிற அளவுக்குக் காருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

நவம்பர் போனது. டிசம்பரும் வந்தது. அக்குலினா கதவைத் தட்டப் போகவில்லை.

குளிர் ஐம்பதைத் தாண்டினால் யாகூத்ஸ்க்கில் காற்று நின்றுவிடும். கார்களின் புகை, வீடுகளின் ஆவி, மனிதர்களின் மூச்சு எல்லாம் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே வெள்ளையாகத் தேங்கும். முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகள்தான் தெரு. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற டயர்கள் அடியில் தட்டையாகிவிட்டிருக்கும். முதல் இரண்டு தெருவுக்குக் கார் கல்பாதையில் போகும் வண்டி மாதிரி குதிக்கும். இருக்கை பலகையாக இருக்கும், ஸ்டீயரிங் திரும்ப அடம்பிடிக்கும். அந்த வெள்ளைக்குள்தான் அக்குலினா தன் மாணவர்களை இந்தக் காரை ஓட்டவிடுவாள். "கோடையில் கத்துக்கிட்டா கோடையில மட்டும்தான் ஓட்ட முடியும்," என்பது அவள் பேச்சு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மாணவர்களுக்குப் பயம் பாதி போய்விடும். அவள் காலடியில் தனி பிரேக் இருந்தது ஒரு காரணம். அதை அவள் மிதித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை என்பது இன்னொரு காரணம்.

அந்த வருஷத்து மாணவர்களிலேயே மிகவும் பாடுபடுத்தியவள் பிரஸ்கோவ்யா. பாலர் பள்ளி ஒன்றில் சமையல்காரி. ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவள் கணவர் கெஷாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, சொந்தக் கார் இரண்டு வருஷமாக முற்றத்தில் பனி மூடிக் கிடந்தது. நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பியவள், பரீட்சையில் மூன்று முறை தோற்றுவிட்டாள். மூன்று முறையும் ஒரே காரணம்: மூட்டத்துக்குள் நிழல் தெரிந்தால் போதும், இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிடுவாள்.

"அக்கா, இப்ப ஏன் பிரேக் போட்டீங்க?"

"முன்னாடி ஏதோ இருந்துச்சே!"

"என்ன இருந்துச்சு?"

"அது தெரியலையேம்மா. தெரியாததாலதான போட்டேன்."

"பின்னாடி வர்றவனுக்கும் ஒண்ணும் தெரியாது அக்கா. நேரா உங்க முதுகுல வந்து ஏறுவான். வெறும் ரோட்டுல இந்தக் குளிருக்கு ஐஸ் வழுக்காது, மணல்தாள் மாதிரி பிடிக்கும். ஆனா சிக்னல்கிட்ட அப்படி இல்ல. அங்க நிக்கற கார்களோட புகை படிஞ்சு படிஞ்சு கண்ணாடியா ஆயிருக்கும். அங்க போய் ஏறி மிதிச்சா கார் நடனம் ஆடும்."

"நான் என்ன பண்றது? கால் தானாப் போகுது."

"சூப்புல உப்பு எப்படிப் போடுவீங்க? மூட்டையோட கொட்டுவீங்களா?"

"கொட்டினா குழந்தைங்க கத்தும்."

"கொஞ்சம் போட்டு, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் போடுவீங்கல்ல? பிரேக்கும் அப்படித்தான். கார் கத்தாம நிக்கணும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் பிரஸ்கோவ்யா, குற்றமெல்லாம் ஆசிரியையுடையது என்பது போல.

ஜனவரி நடுவில் ஒரு பகல், பாடத்தை ஆற்றின் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். லேனா ஆறு உறைந்து, அக்கரைக்குப் பனிக்கட்டிப் பாதை திறந்து பல வாரம் ஆகியிருந்தது. அக்கரையில் கெஷாவின் தம்பி வீட்டில் குதிரை விலா இறைச்சியும் மீனும், தட்டுத்தட்டாக உறையவைத்த பாலும் அவர்களுக்காகக் காத்திருந்தன. போகும்போது பாடம், வரும்போது சாமான். ஆற்றின் மேல் ஏறும் இடத்தில், பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லும் பலகை நின்றது. பனிக்கட்டி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே.

"பெல்ட் போடாதேன்னு அரசாங்கமே சொல்ற ரோடு," என்றாள் பிரஸ்கோவ்யா பெல்ட்டை அவிழ்த்தபடி. "நம்ம மேல என்னா அக்கறை பாரு."

போகும்போது நன்றாகத்தான் ஓட்டினாள். திரும்பும்போது கார் டிக்கி நிறைய இறைச்சி, பின்னிருக்கையில் ஒரு மூட்டை மீன். கெஷாவின் முட்டிவலிக்குத் தேய்க்க என்று தம்பி கொடுத்த ஸ்பிரிட் பாட்டில் ஒன்றை மட்டும் பிரஸ்கோவ்யா தன் இருக்கைக்கு அருகிலேயே செருகி வைத்துக்கொண்டாள். சூரியன் இருக்கிற இடத்தில் வெளுத்த ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. ஆற்றின் நடுவில் மூட்டம் கெட்டியானது.

"முன்னாடி என்னவோ இருக்கு," என்றாள் பிரஸ்கோவ்யா.

அக்குலினா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இன்ஜின் மூடியைத் தூக்கிவைத்து ஒரு பெரிய கறுப்பு ஜீப், பாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. விளக்கு இல்லை. அவள் கால் தன் பிரேக்கை நோக்கி நகர்ந்தது, ஆனால் மிதிக்கவில்லை. பிரஸ்கோவ்யா காலை மெல்ல வைத்தாள், எடுத்தாள், மறுபடி கொஞ்சம் வைத்தாள். கார் வேகம் குறைந்து, ஜீப்புக்கு நாலைந்து கார் நீளம் பின்னால், முனகக்கூட இல்லாமல் நின்றது.

"கத்தல," என்றாள் பிரஸ்கோவ்யா, தனக்கே ஆச்சரியமாக.

"கத்தல அக்கா. விளக்கை எரியவிட்டு இங்கயே இருங்க. இன்ஜினை மட்டும் அணைச்சிடாதீங்க."

அந்தப் பாதையில் நின்றுபோன காரை விசாரிக்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். அக்குலினா இறங்கி நடந்தாள். இன்ஜினுக்குள் குனிந்திருந்த ஆள் நிமிராமலேயே கையை ஆட்டினான்.

"ஒண்ணுமில்ல, சரியாயிடும். நீங்க போங்க." உதடு விறைத்துப்போய்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா!

"ரோடியன்."

அவன் நிமிர்ந்தான். புருவமும் இமையும் வெள்ளையாக உறைந்திருந்தன. கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்து, "நீயா," என்றான்.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"இப்பத்தான்."

"புருவத்தைப் பார்த்தா அப்படித் தெரியல. யாரும் நிறுத்தலையா?"

"ஒரு லாரிக்காரன் நிறுத்தினான். வேணாம்னுட்டேன். நானே சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். அப்புறம் ஃபோனும் செத்துப்போச்சு."

மெல்லிய தோல் சட்டை போட்டிருந்தான். காலில் நகரத்து ஷூ. சூடான கராஜில் ஏறி, சூடான பட்டறையில் இறங்கும் ஆள். அக்கரையில் வெல்டிங் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தான். கலைமான் தோல் பூட்ஸ் வீட்டில் அலமாரியில் இருந்திருக்கும்.

"வந்து உள்ள ஏறு."

"காரு..."

"முதல்ல நீ. காரு அப்புறம்."

பிரஸ்கோவ்யா மீன் மூட்டையைத் தள்ளி அவனுக்குப் பின்னிருக்கையில் இடம் பண்ணினாள். அவன் காலைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கிளம்பினீங்களா தம்பி?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவன் ஷூவைக் கழற்றி, தன் கழுத்திலிருந்த ஆட்டுரோமச் சால்வையை அவிழ்த்துக் காலில் சுற்றினாள். "தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சு வந்துடும். சும்மா வைங்க. இந்தாங்க டீ. ரெண்டு கையாலயும் பிடிங்க."

அக்குலினா ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். இன்ஜின் சுற்றியது, இருமியது, பிடிக்கவில்லை.

"டக்குனு நின்னுச்சா? இழுத்து இழுத்து நின்னுச்சா?"

"இழுத்து இழுத்து," என்றான் ரோடியன். பற்கள் டம்ளரில் மோதின.

"டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "கால்வாசி."

"தினம் கதகதப்பிலிருந்து குளிருக்கும், குளிரிலிருந்து கதகதப்புக்கும் போய் வந்திருக்கு. காலி டேங்க் உள்ளுக்குள்ள வேர்த்து, அந்தத் தண்ணி பெட்ரோல் குழாயில ஐஸா நிக்குது."

"தெரியும்."

"தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே."

பிரஸ்கோவ்யா ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தாள். "உங்களுக்குள்ள முன்னாடியே பழக்கமோ?"

"என் புருஷனா இருந்தவர் அக்கா."

"அப்படியா!" என்றாள் பிரஸ்கோவ்யா, பாட்டு நிகழ்ச்சிக்கு இலவச டிக்கெட் கிடைத்தவள் போல.

செய்ய வேண்டியதை அக்குலினா வரிசையாகச் சொன்னாள். அவளிடம் தகடு சுற்றிய நீளக் குழாய் ஒன்று இருந்தது. ஒரு முனையைத் தன் கார் புகைக்குழாயில் மாட்டி, மறுமுனையை ஜீப்புக்கு அடியில் பெட்ரோல் குழாய் ஓடும் இடத்துக்கு விட வேண்டும். தன் காரின் மெத்தைப் போர்வையால் ஜீப்பைத் தரைவரை மூட வேண்டும். சூடு உள்ளேயே தங்கும். டேங்கில் ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீரைத் தன்னோடு கரைத்து இழுத்துக்கொள்ளும்.

"ஸ்பிரிட்டுக்கு எங்க போறது?" என்று கேட்ட பிரஸ்கோவ்யா, அடுத்த நொடியே பாட்டிலை அணைத்துக்கொண்டாள். "அதெல்லாம் முடியாது! இது கெஷாவோட முட்டிக்கு!"

"முட்டி நாளைக்கும் வலிக்கும் அக்கா. இந்த இன்ஜின் இன்னும் கொஞ்ச நேரத்துல கல்லாயிடும்."

"வேற பாட்டில் வாங்கித் தர்றேன்," என்றான் ரோடியன் பின்னாலிருந்து.

"வாங்கித் தருவீங்க. இந்த மாதிரி சுத்தமானது கடையில கிடைக்குமா?" பெருமூச்சு விட்டுக் கொடுத்தாள். "பாதியை மிச்சம் வைங்கம்மா. முட்டி ரெண்டு இருக்கு."

"காரை ஜீப்பைத் தாண்டிக் கொண்டுபோய், அங்கிருந்து நீங்கதான் பின்னால எடுக்கணும். ஜீப்போட பக்கத்துல, பின்பக்கம் அதைப் பார்த்து நிக்கணும்."

"ரிவர்ஸா? நானா? ஆத்து மேலயா?"

"நான் வெளியில நின்னு கை காட்டறேன். என் கையை மட்டும் பாருங்க."

"ரெண்டு காரும் ஒரே இடத்துல நின்னா ஐஸ் தாங்குமா?"

"லாரிங்க வரிசையாப் போற ரோடு அக்கா இது. உங்களையும் என்னையும் தாங்காதா?"

"உன்னைத் தாங்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே பிரஸ்கோவ்யா ஜீப்பைத் தாண்டிப் போய் நின்று, பின் கியரைப் போட்டாள்.

பின்னிருக்கையிலிருந்து ரோடியன் வாயைத் திறந்தான். "ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இட..."

"தம்பி!" என்று பிரஸ்கோவ்யா அதட்டினாள். "எனக்கு ஒரு டீச்சர் போதும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூட்டத்துக்குள் நின்ற அக்குலினாவின் கையுறை மெல்ல வா என்றது, இன்னும் வா என்றது, கொஞ்சம் திருப்பு என்றது, போதும் என்றது. பாடத்தில் ஒரு முறைகூட ஒழுங்காகப் பின்னால் எடுக்காதவள், ஜீப்பை உரசாமல் அதன் விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அக்குலினா பனியில் மண்டியிட்டுக் குழாயை மாட்டினாள், உருண்டு ஜீப்புக்கு அடியில் போய் மறுமுனையை வைத்தாள், போர்வையை இழுத்து மூடினாள், ஸ்பிரிட்டை ஊற்றினாள். மளமளவென்று கை ஓடியது. எல்லாம் முடிந்து காருக்குள் வந்து உட்கார்ந்தபோது அவள் கழுத்துத்துணி பலகையாகியிருந்தது. முகம் மட்டும் நிம்மதியாக இருந்தது.

இனிச் சும்மா இருக்க வேண்டியதுதான் வேலை. மூவரும் டீ குடித்தார்கள். பிரஸ்கோவ்யா கொண்டுவந்திருந்த பொரித்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ரோடியனின் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பி, வலி வந்தது. வலித்தால் நல்லது என்றாள் பிரஸ்கோவ்யா.

அவன் காரைச் சுற்றிப் பார்த்தான். பனி படியாமல் தெளிந்து கிடந்த இரட்டைக் கண்ணாடிகளைப் பார்த்தான்.

"எங்க நிறுத்தற இதை?"

"வீட்டு முன்னாடி."

"வெளியிலயா? இத்தனை நாளாவா?"

"வேற எங்க நிறுத்துவேன்?"

அவன் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினான். "இந்த மூலையில கோந்து கொஞ்சம் அதிகமா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"சொல்லிடுங்க தம்பி," என்றாள் பிரஸ்கோவ்யா. "அடக்கினா வயித்தை வலிக்கும்."

அக்குலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சிரித்து முடித்தபின் அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நவம்பர் பூரா கராஜ் கதவைத் தாழ் போடல. நீ வருவேன்னு நிச்சயமா நெனச்சேன். சாயங்காலமாப் போய் ரேடியோவைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கார் இல்லாத கராஜ் எவ்வளவு பெருசா இருக்கு தெரியுமா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினப்ப இத்தனை பெருசா இல்ல. டிசம்பர்ல தாங்க முடியல. அதை ரொப்பறதுக்காகவே போய் இந்தப் பூதத்தை வாங்கினேன்."

பிரஸ்கோவ்யா வெளியே பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் வெளியே பார்த்தாள்.

அக்குலினாவுக்கு அந்தக் கராஜ் சுவர் ஞாபகம் வந்தது; ஒரு கோடை முழுக்க அவள் செங்கல் எடுத்துக்கொடுக்க, அவன் அடுக்கினான். அப்போதும் பேசிக்கொண்டேதான் அடுக்கினான். அப்போது அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. திரும்பிப் போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வைத்துக்கொள்ள முடிந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

"எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல ரோடியன். வர மாட்டேன், அவ்வளவுதான்."

"கராஜுக்கா, என்கிட்டயா?"

"உன்கிட்ட. கராஜுக்கு வருவேன். வெளியில மல்லாந்து படுத்து ஆயில் மாத்தினா விரல் கழண்டு விழற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை திறந்து வை."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அதில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. "கராஜுக்குக் கொடுத்துவச்சிருக்கு," என்றான்.

"போதும், போய் சாவியைத் திருப்பு. இந்தா, என் பூட்ஸுக்குள்ள போடற கம்பளிக் காலுறையைப் போட்டுக்கோ."

போர்வையை விலக்கியபோது ஜீப்புக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. முதல் முறை இருமியது. இரண்டாம் முறை பிடித்து, நடுங்கி, அணைந்தது. மூன்றாம் முறை பிடித்ததை விடவில்லை. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது நின்று உறுமுவதைக் கேட்டு, பிரஸ்கோவ்யா காருக்குள்ளிருந்தே கைதட்டினாள். "என் கெஷாவோட முட்டி ஓடுது பாரு!"

அவர்கள் முன்னால் போனார்கள், ஜீப் பின்னால் வந்தது. அதன் ஒற்றைக் கண்ணாடிகள் முழுக்கப் பனி பிடித்திருந்தன. ரோடியன் சுரண்டி வைத்த கையகல ஓட்டை வழியாக, முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகளை மட்டும் பார்த்து ஓட்டினான். பிரஸ்கோவ்யாவுக்கு அது தெரியும். அவள் நின்றால் அவனும் நிற்க வேண்டும், அவள் தடுமாறினால் அவனும் தடுமாறுவான். கரை ஏறும்வரை அவள் ஒரு முறைகூடப் பிரேக்கை ஏறி மிதிக்கவில்லை.

கரையில் ரோடியன் இறங்கிவந்து ஜன்னலைத் தட்டினான். "நல்லா ஓட்டறீங்க," என்றான் பிரஸ்கோவ்யாவிடம். "ஒரே சீரா. கண்ணை மூடிக்கிட்டுப் பின்னால வரலாம்."

பிரஸ்கோவ்யாவின் முகம் சிவந்துவிட்டது.

"இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு இதை ஒரு தடவை சொன்னதில்ல," என்றாள் அக்குலினா.

ரோடியன் நிஜமாகவே திகைத்தான். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கதவு திறந்திருந்தது. ஜீப்பை வெளியே நிறுத்தி, அவள் காருக்கு இடம் விட்டிருந்தான். அவள் ஆயில் மாற்றினாள்; அவன் முக்காலியில் உட்கார்ந்து ஜீப்புக்கு இரண்டாவது கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். எத்தனை கனம் இடைவெளி விட்டாய் என்று அவன் கேட்டான், அவள் விரலைக் காட்டினாள். போகும்போது சாவி ஒன்றை நீட்டினான். "வேணாம், நீ இருக்கறப்பவே வர்றேன்," என்றாள். மாதம் ஒரு முறை போனாள். மகள் ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சேர்ந்துவிட்டீர்களா என்றாள். "ஆயில் மாத்தறோம்," என்றாள் அக்குலினா.

பிப்ரவரியில் பிரஸ்கோவ்யாவுக்கு நாலாவது பரீட்சை. அன்றைக்கும் மூட்டம், ஆனாலும் தேறிவிட்டாள். பரீட்சை அதிகாரி இறங்கும்போது, இவ்வளவு மெதுவாக நிறுத்தி யாரையும் பார்த்ததில்லை, தூக்கமே வந்துவிட்டது என்று சொன்னாராம். பிரஸ்கோவ்யா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னாள்.

முற்றத்தில் கிடந்த கெஷாவின் காருக்குப் புது பேட்டரி போட்டு, அடியில் ஒருநாள் முழுக்கச் சூடு வைத்து எழுப்பினார்கள். முதல் சவாரிக்கு அக்குலினாதான் வரவேண்டும் என்று பிரஸ்கோவ்யா ஒற்றைக்காலில் நின்றாள்.

"பக்கத்துல உட்காரு. ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் அக்கா."

கார் தெருவுக்குள் இறங்கியது. முதல் திருப்பத்தில் அக்குலினாவின் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் தரைவிரிப்புதான் இருந்தது. காலை இழுத்துக்கொண்டாள். பிரஸ்கோவ்யா சந்தைத் தெருவில் திரும்பினாள், பாலத்துக்குப் போனாள், ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டாள், அந்த பஸ்காரனைத் திட்டினாள், பாலர் பள்ளிக் குழந்தைகள் இன்றைக்கு மீன் சூப்பை எப்படி மிச்சம் வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளைக்குள் சிவப்பு விளக்குகள் வந்தன, போயின. காருக்குள் சூடு நன்றாக ஏறியிருந்தது.

"எப்படி ஓட்டறேன்? சொல்லு, பரவாயில்ல, சொல்லு," என்றாள் பிரஸ்கோவ்யா கடைசியில்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அக்டோபரிலிருந்து ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத அக்குலினா, தொப்பி கண்ணுக்கு மேல் சரிய, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிரஸ்கோவ்யா குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டு, ஊரை இன்னும் ஒரு சுற்று சுற்றப் போனாள்.